மிதந்து வந்தவை

மணிகளைப் பற்றி நான் எழுதிய கவிதையை இந்தப் பக்கங்களைப் படிக்கிற நண்பர்களில் ஐந்தாறு பேராவது பார்த்திருக்கக்கூடும். பதினாலு வரி. இசைத்தட்டில் கேட்டதையும் ஒரு புத்தகத்தில் பார்த்த படங்களையும் வைத்துக்கொண்டு எழுதியது. இரண்டாயிரத்து நானூறு வருஷம் நீருக்கடியில் தொங்கிக்கொண்டிருந்த அறுபத்தைந்து வெண்கல மணிகள்; அடிக்க ஆளில்லாமல் தங்களுக்குள் காத்து வைத்திருந்த ஸ்வரங்கள்; மௌனம்தான் அவற்றின் நீண்ட கச்சேரி — இந்த ரீதியில் போகும். நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு பேர் கடிதம் எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தொகுப்பு ஒன்று போடுவதாக இருக்கும் நண்பர் அதையே கடைசிக் கவிதையாக வைக்கலாம் என்றார்.

அதற்குப் பிறகுதான் சீனாவுக்குப் போனேன். வேறு வேலையாக வூஹான் வரை போக வேண்டியிருந்தது. மணிகள் அங்கே ஹூபெய் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போகாமல் திரும்ப முடியாது.

முதலில் மணிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படங்கள் அவற்றின் அளவைச் சொல்வதில்லை. மூன்று அடுக்காக, 'ட' எழுத்தைப் போல ஒரு மூலையில் மடங்கி நிற்கும் சட்டம். வர்ணம் தீட்டிய மர உத்தரங்களை, இடையில் வாள் செருகிய ஆறு வெண்கல மனிதர்கள் கையாலும் தலையாலும் தாங்குகிறார்கள். மேல் அடுக்கில் இருக்கும் மிகச் சிறிய மணியை ஒரு கையில் தூக்கிவிடலாம். இரண்டரைக் கிலோ கூட இல்லை. கீழ் அடுக்கில் இருக்கும் மிகப் பெரியது ஒன்றரை மீட்டர் உயரம், 203 கிலோ. மணி என்றதும் நம் மனசில் வருவது வட்ட வாய். இவை வட்டமில்லை. இரண்டு ஓடுகளை முகத்துக்கு முகம் சேர்த்து வைத்தாற்போல, வாய் வாதுமைக் கொட்டை வடிவத்தில் குறுகியிருக்கிறது. வட்ட மணியின் நாதம் இழுத்துக்கொண்டே போகும். அடுத்த ஸ்வரத்தின் மேல் வழிந்து அதைக் கெடுக்கும். கோவில் மணிக்கு அந்தக் கார்வைதான் அழகு, ஆனால் அதில் பாட்டு வாசிக்க முடியாது. இந்த வடிவத்தில் நாதம் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. அதோடு, நடுவில் அடித்தால் ஒரு ஸ்வரம், ஓரத்தில் அடித்தால் இன்னொரு ஸ்வரம். எங்கே அடித்தால் எது என்று அந்தந்த இடத்திலேயே பொன் பதித்து எழுதியிருக்கிறது. தன் நாட்டில் ஒரு ஸ்வரத்துக்கு என்ன பெயர், சூ நாட்டில் என்ன, ஜின் நாட்டில் என்ன என்று ஒப்பிட்டுச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. மணிகளும் சட்டமும் கொக்கிகளும் சேர்ந்து மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் எழுத்துகள். ஐந்து ஸ்தாயிகளுக்கு மேல் போகும் வாத்தியம்; கூடவே அதன் இலக்கண நூலும். உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுகிற இடத்தில், சுவரின் கனம் எங்கே எவ்வளவு என்று தெரிந்த ஒருவன் இருந்திருக்கிறான். அவனை நினைத்து அரைமணி நேரம் நின்றேன். அந்த அரைமணி நேரத்தை இப்போதும் நான் மறுதலிக்கவில்லை.

மற்ற அறைகளை வேகமாகத்தான் பார்த்தேன். ஒரு அரக்குப் பெட்டியின் மூடியில் இருபத்தெட்டு நட்சத்திர வீடுகளின் பெயர்கள், நடுவில் சப்தரிஷி மண்டலம். நம்முடைய இருபத்தேழு, அபிஜித்தைச் சேர்த்தால் இருபத்தெட்டு, ஞாபகம் வராமல் இருக்காது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அறிஞர்கள் நெடுங்காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு கண்ணாடிக்குள், கைக்கு அடக்கமாக, வாத்து வடிவத்தில் ஒரு அரக்குப் பெட்டி. அழகாயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

மணிகள் கிடைத்த ஊர் ஸுய்ஜோ. வூஹானிலிருந்து வடமேற்கே, 2019-ல் திறந்த அதிவேக ரயில் பாதையில் ஒரு மணி நேரம் சொச்சம். என்னை அழைத்துப்போன நண்பர் அந்த ஊரில் பிறந்தவர், வூஹானில் வேலை பார்க்கிறார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் தருகிறேன். ஊர் விசேஷமாக ஒன்றுமில்லை. தீயணைப்பு வண்டி, தண்ணீர் லாரி, குப்பை லாரி என்று தனி வேலைக்கான வண்டிகள் செய்யும் தொழிற்சாலைகள். காளான் ஏற்றுமதி. காலையில் பன்றிக்காலை மணிக்கணக்கில் வேகவைத்துச் சோற்றோடு தருகிறார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களின் முகத்தில் ஒரு திருப்தி. ஊர் தன்னை மணிகளின் ஊர் என்று அழைத்துக்கொள்கிறது. மணிகள்தான் அங்கே இல்லை. நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய விஷயம்: எந்தத் தேசத்திலும் சின்ன ஊரில் குழி இருக்கும், தோண்டி எடுத்தது தலைநகரில் இருக்கும்.

ஊருக்கு இன்னொரு புதிரும் இருந்தது. பழைய வரலாற்று நூல்கள் இந்தப் பிரதேசத்தில் ஸுய் என்ற நாடு இருந்ததாகச் சொல்கின்றன. மண்ணிலிருந்து வரும் வெண்கலங்களோ ட்ஸெங் என்ற நாட்டைச் சொல்கின்றன. புத்தகத்தில் இருப்பது மண்ணில் இல்லை, மண்ணில் இருப்பது புத்தகத்தில் இல்லை. இரண்டும் ஒரே நாடுதான் என்று இப்போது பெரும்பாலோர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கி.மு. 506-ல் பகைவரிடம் தலைநகரை இழந்து ஓடிவந்த சூ நாட்டு அரசனுக்கு ஸுய் அடைக்கலம் கொடுத்தது. அவன் மகன் பட்டத்துக்கு வந்து, ஐம்பத்தாறாவது ஆண்டில், அதாவது கி.மு. 433-ல், ட்ஸெங் சிற்றரசன் யி என்பவனுக்காக ஒரு பெரிய மணி வார்க்கச் செய்தான். அது கீழ் அடுக்கின் நடுவில் தொங்குகிறது. மற்ற அறுபத்துநாலோடு அதற்கு உறவில்லை. அதைத் தொங்கவிடுவதற்காக ஏற்கனவே இருந்த ஒரு மணியை அகற்றினார்கள் என்று நினைக்கிறார்கள். நன்றிக்கடன் என்பது ஒரு ஊகம். நன்றிக்காக ஸ்வரவரிசையில் ஒன்று போனது.

கல்லறை இருக்கும் இடத்தின் பெயர் லெய்குதுன், முரசு அடித்த மேடு என்று பொருள். 1977-ல் அங்கே இருந்த விமானப்படைப் பிரிவு ஒன்று தொழிற்கூடத்தை விஸ்தரிக்கக் குன்றை வெடிவைத்துச் சமப்படுத்தியபோது மண்ணின் நிறம் மாறியது. 1978 மே மாதம் திறந்தார்கள். நாங்கள் போன அன்று தூறல். குழியின் விளிம்பில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். இருபத்தொரு மீட்டர் நீளம், பதினாறரை மீட்டர் அகலம், பதின்மூன்று மீட்டர் ஆழம். வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்குத் தோண்டிவிட்டுப் பாதியில் பணம் போதாமல் நிறுத்தின மாதிரி ஒழுங்கற்ற மூலைகள். நான்கு அறைகள். நடு அறையில் மணிகளும் சடங்குப் பாத்திரங்களும். வடக்கு அறையில் ஆயுதங்கள், கூடவே மூங்கில் சுவடிகள். கிழக்கு அறையில் அரசன். அவனோடு எட்டுப் பெண்கள், ஒரு நாய். மேற்கு அறையில் பதின்மூன்று பெண்கள். நாய்க்கும் தனிச் சவப்பெட்டி. பெண்களின் வயது பதின்மூன்றிலிருந்து இருபத்தைந்துக்குள். அரசனுக்கு நாற்பத்தைந்து ஒட்டி. அறைகளுக்கு நடுவே அடிமட்டத்தில் சின்னச் சதுரத் துளைகள். ஆவி போய்வர என்று சொல்கிறார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இந்த இருபத்தொன்று என்ற எண் எனக்குப் புதிதல்ல. கவிதை எழுதிய காலத்திலேயே படித்திருந்தேன், மணிகளின் படம் இருந்த அதே புத்தகத்தில், நாலு பக்கம் தள்ளி. தெரியாமல் விட்டதல்ல. கவிதைக்குள் வரவில்லை, அதனால் விட்டேன். 'வரவில்லை' என்ற வார்த்தையை நாம் எல்லோரும் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம்! கவிதை ஏதோ வீட்டுக்காரர் மாதிரியும், யாரை உள்ளே விடுவது என்பது அவர் இஷ்டம் மாதிரியும்.

வடக்கு அறையில் கிடைத்த மூங்கில் சுவடிகள் இருநூற்று நாற்பது. ஈமச் சடங்குக்கு வந்த தேர்களும் குதிரைகளும் கவசங்களும், எந்தத் தேரை யார் ஓட்டினார்கள், எந்தக் குதிரையை யார் கொடுத்தார்கள் என்பதும் அவற்றில் இருக்கின்றன. கொடுத்தவர் பெயர் இருக்கிறது. குதிரையின் நிறம் இருக்கிறது. இருபத்தொரு பேரில் ஒருத்தியின் பெயரும் நமக்குத் தெரியாது.

அருகே பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்த வழிகாட்டிப் பெண் இதே எண்ணைச் சொன்னாள். ஒரு பையன் ஏதோ கேட்டான். அவள் பதில் சொன்னதும் அவன் தலையாட்டினான். என்ன கேட்டான் என்று நண்பரிடம் கேட்டேன். "ஏன் அவங்க ஓடிப்போகலைன்னு கேட்டான்" என்றார். பதில்? "அந்தக் காலம் அப்படின்னு சொன்னா."

அந்தக் காலம் அப்படி. நானும் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் காலம் அப்படித்தானா? யி இறப்பதற்கு ஏறக்குறைய நூற்று தொண்ணூறு வருஷம் முன்பு, கி.மு. 621-ல், ச்சின் நாட்டுக் கோமகன் மூ இறந்தான். அவனோடு சாவுக்குப் போனவர்கள் 177 பேர் என்று ஸிமா ச்சியென் கணக்குத் தருகிறார். அவர்களில் மூன்று பேர் பிரபு வம்சத்துச் சகோதரர்கள். அவர்களுக்காக யாரோ ஒருவர் பாடின புலம்பல் 'மஞ்சள் பறவை' என்ற பெயரில் ஷிஜிங் என்னும் பழம்பாடல் தொகையில் இருக்கிறது. மூன்று பெயரும் அதில் இருக்கின்றன: யான்ஸி, ஜோங்ஹாங், ஜென்ஹு. நம்மில் ஒருவர் செய்யத் தவறிய காரியத்தை, பெயர் தெரியாத ஒருவர் அப்போதே செய்திருக்கிறார். (மிச்சமிருந்த 174 பேருக்கு அவரும் வாய் திறக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.) பிறகு கன்ஃப்யூஷியஸ். பிணத்தோடு புதைக்க மனித உருவில் பொம்மை செய்வதைக்கூட அவர் சபித்தார் என்று மென்ஷியஸ் சொல்கிறார். உயிருள்ள மனிதர் இல்லை, வெறும் பொம்மை. கன்ஃப்யூஷியஸ் இறந்தது கி.மு. 479-ல். இந்தக் கல்லறைக்கு நாற்பத்தாறு வருஷம் முன்பு. கல்லறைக்கு நாற்பத்தொன்பது வருஷம் பின்பு, கி.மு. 384-ல், அதே ச்சின் நாட்டில் உடன்சாவைத் தடை செய்தார்கள். இரண்டுக்கும் நடுவில், தெரிந்தே, இந்த இருபத்தொரு பெட்டிகள். மணியின் சுவர் கனத்தை மயிரிழையில் அளக்கத் தெரிந்த சபைக்கு இது தெரியாது என்று எப்படிச் சொல்வது?

சாயங்காலம் நண்பரின் தகப்பனாரைப் பார்க்கப் போனோம். எண்பது தாண்டியவர். ஐந்தாவது மாடியில் பழைய குடியிருப்பு. பால்கனியில் வெங்காயத் தாள் வளர்க்கிறார். 1978-ல் அவர் பக்கத்துக் கம்யூனில் வேலை செய்துகொண்டிருந்தார். தோண்டுவதைப் பார்க்கத் தினமும் ஜனம் திரண்டதாம். அவரும் வேலை முடிந்து சைக்கிளில் போவாராம். ஆறு வயசு மகனை ஒருநாள் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். மகனுக்கு ஞாபகமில்லை.

"ஐயா, மணிகள் முதல்ல வெளியே வந்தப்போ நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் நண்பரைப் பார்த்து ஏதோ சொன்னார். நண்பர் ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "மணி முதல்ல வரலைங்கறார் அப்பா."

கிரேன் வைத்து மேலே இருந்த மரங்களைத் தூக்கினபோது உள்ளே எதுவும் தெரியவில்லை. முழுக்கத் தண்ணீர். பழைய காலத்துத் திருடன் ஒருவன் ஒரு மூலையில் துளை போட்டிருந்தான். அதன் வழியே மண்ணும் நீரும் இறங்கியிருந்தன. கலங்கின தண்ணீரின் மேல் பெட்டிகள் மிதந்துகொண்டிருந்தன. இந்தப் பெண்களுடைய பெட்டிகள். அரசனுடையது மிதக்காது, அதன் வெளிப்பெட்டிக்கு வெண்கலச் சட்டம், டன் கணக்கில் கனம். மணிகளும் மிதக்காது. லேசானவை மட்டும் மேலே வந்திருந்தன. பார்த்துக்கொண்டிருந்த கிராமத்து ஜனம் யாரும் பேசவில்லையாம். பிறகுதான் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். தண்ணீர் இறங்க இறங்க மூன்று மர உத்தரங்களின் தலை தெரிந்தது. அதற்குக் கீழே மணிகள், தொங்கவிட்டபடியே. அன்றைக்குக் கைதட்டினார்கள் என்றார்.

"அந்தக் கைதட்டலுக்கு நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். நானும் தட்டினேன்." அதைச் சொல்லிவிட்டு வெங்காயத் தாளுக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்துபோனார். என்னைக் குற்றம் சொல்லும் உத்தேசம் அவருக்கு இருந்திருக்க வழியில்லை. நான் கவிதை எழுதியதே அவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 1-ந் தேதி, ராணுவ தினத்தன்று, அந்த ஊரிலேயே ராணுவ அரங்கம் ஒன்றில் மணிகளை வாசித்தார்கள். முதல் உருப்படி 'கிழக்கு சிவக்கிறது'. இரண்டாயிரத்து நானூறு வருஷத்து மௌனத்துக்குப் பிறகு கேட்ட முதல் பாட்டு மாவோவைப் பற்றியது என்பதை முன்பு நான் நண்பர்களிடம் ஹாஸ்யமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அது அவ்வளவு ஹாஸ்யமாகப் படவில்லை. யிக்கு வாசித்ததும் அதிகாரத்துக்குத்தானே? அசல் மணிகளை மிகச் சில தடவைகளே அடித்திருக்கிறார்கள். 1997-ல் ஹாங்காங் கைமாறியபோது டான் டுன் எழுதிய இசைக்காக ஒரு முறை. மற்றபடி கேட்பதெல்லாம் நகல் மணிகள். நான் இசைத்தட்டில் கேட்டது எதை என்று இதுவரை விசாரித்ததில்லை.

இரவு விடுதியில் கவிதையைத் திருப்பிப் படித்தேன். அதில் தப்பான வரி ஒன்றும் இல்லை. லயம் சரியாக இருக்கிறது. சிக்கல் அதுதான். கலை தன்னளவில் நிற்கும், அதற்கு வெளியிலிருந்து நியாயம் கற்பிக்க வேண்டாம் என்று நாம் இந்தப் பக்கங்களில் வாதாடியிருக்கிறோம். கோஷக் கவிதைகளுக்கு எதிராக அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது, இன்றும் சொல்வேன். ஒரு பிரச்சாரகர் இந்தக் கல்லறையைப் பற்றி எழுதினால் மணிகளைச் சுரண்டலின் சின்னம் என்று ஒரே வரியில் முடித்திருப்பார். பொன் பதித்த ஸ்வரப் பெயர்களை அவர் கண் பார்த்திருக்காது. ஆனால் அவர் பார்க்காததை நான் பார்த்தேன் என்பதற்காக, நான் பார்க்காமல் விட்டதற்கு யார் பதில் சொல்வது? 'மௌனம்தான் அவற்றின் கச்சேரி' என்று எழுதியிருக்கிறேனே, அந்த மௌனத்தில் எத்தனை பேருடைய வாய் மூடியிருந்தது என்பதைத் தள்ளிவிட்டுத்தான் அந்த வரி அவ்வளவு அழகாக வந்திருக்கிறது. பெண்களைச் சேர்த்து எழுதிப் பார்த்தேன். இருபத்தொன்று என்ற எண்ணைப் போட்டதும் கவிதை இரங்கல் செய்தி ஆகிவிட்டது. அடித்தேன். விடியற்காலை வரை இப்படி.

மறுநாள் மதியம் வூஹான் திரும்பி நேராக அருங்காட்சியகத்துக்குப் போனேன். மணிகளிடம் போகவில்லை. நண்பர் ரயிலில் ஒரு தகவல் சொல்லியிருந்தார்: அந்த வாத்துப் பெட்டி அரசனுடைய அறையில் கிடைத்ததல்ல. மேற்கு அறையில், பதின்மூன்று பெண்களில் ஒருத்தியின் சவப்பெட்டிக்குள் கிடைத்தது.

இருபது சென்டிமீட்டர் நீளம், பதினாறரை சென்டிமீட்டர் உயரம். கறுப்பு அரக்கின் மேல் சிவப்பிலும் மஞ்சளிலும் செதில் செதிலாக இறகு. கழுத்து தனியாகச் செய்து செருகியது. தலையைத் திருப்ப முடியும். வயிற்றின் இரண்டு பக்கமும் ஓவியம். தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். ஒரு பக்கம் முரசு. ஒருவன் அடிக்கிறான், ஒருவன் நீளமான கையை வீசி ஆடுகிறான். மறு பக்கம் ஒரு உத்தரம், அதில் தொங்கும் மணிகள், நீண்ட கோலால் மணியை அடிக்கும் உருவம். மனிதனா பறவையா என்று சொல்ல முடியவில்லை. முதல் நாள் நான் இதைத்தான் அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அவள் நாட்டியக்காரியா, மணி வாசித்தவளா, வெறும் பணிப்பெண்ணா, தெரியாது. பெட்டி யாராவது கொடுத்ததா, அவளே கேட்டு வாங்கியதா, அதுவும் தெரியாது. அதில் அவள் என்ன வைத்திருந்தாள் என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மணிகளைப் பற்றிய சித்திரம் ஒன்று அவளிடம் இருந்திருக்கிறது. அந்த மணிகளைத் தினமும் கேட்டவளிடம். கண்ணாடிக்குள் வாத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தது. மறு பக்கத்து ஓவியத்தைப் பார்க்க நான் சுற்றிவந்தபோது, பின்னால் ஒரு பள்ளிக் கும்பல் வந்து நெருக்கிற்று. ஒரு சிறுமி கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து, கழுத்தைத் தன் கையால் திருகிக் காட்டி, தோழியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஆசிரியை அதட்டினார். நான் அவர்களுக்கு வழி விட்டு விலகினேன்.

ஊருக்கு வந்ததும் தொகுப்புப் போடும் நண்பருக்கு எழுதினேன், கடைசிக் கவிதையை எடுத்துவிடச் சொல்லி. பக்கங்கள் அமைத்தாகிவிட்டது, எடுத்தால் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்கும், வேறு கவிதை இருந்தால் அனுப்பு, இல்லையென்றால் அப்படியே போகட்டும், அதில் என்ன குறை என்று பதில் வந்திருக்கிறது. அவரிடம் சொல்ல வேறு கவிதை இல்லை. வெறும் பக்கமாகவே விடச் சொல்லலாமா என்று நாலு நாளாக யோசிக்கிறேன்; அதுவும் ஒரு அலங்காரமாக ஆகிவிடுமோ என்று இருக்கிறது. அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை போகிறதாம்.